இருபத்து நாலு

சுடலைக்கண்ணன் டெம்போ ஓட்டிய காலத்தில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதென்றால் அவன் மனைவி மாரிசெல்விக்கு அப்படியொரு பிரியம். தாராவியில் தைத்த சட்டை மூட்டைகளைத் தாணேயில் இறக்கப் போகும் வழியெல்லாம் விளையாட்டுதான். முன்னால் போகும் வண்டியின் நாலு எண்களையும் தலா ஒரு தடவை மட்டும் எடுத்து, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ இருபத்து நாலைக் கொண்டுவர வேண்டும்.

சிக்னல் மாறுவதற்குள் அவன் சொல்லிவிடுவான்.

"ஏழு, அஞ்சு, ஆறு, ரெண்டு. ஏழுல அஞ்சு போனா ரெண்டு. அத ஆறால பெருக்குனா பன்னெண்டு. மிச்சமிருக்க ரெண்டால பெருக்கு. தோத்துட்டியாட்டி?"

"ரெண்ட ரெண்டு தடவ எடுத்துட்டிய, செல்லாது" என்று மல்லுக்கு நிற்பாள். பிள்ளையில்லாத வீட்டில் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான்.

மழைக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடை திரும்பியிருந்தது, பேச்சு குழறியது. டெம்போவை, கூட லோடு ஏற்றி இறக்கிய அப்ரார் எடுத்துக்கொண்டான். பழகிய காரியங்களைச் செய்யச் செய்ய மூளை மெல்லத் தெளியும் என்று டாக்டரம்மா சொன்னதை மாரிசெல்வி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், அவனை நடத்திக் கூட்டிவந்து தொண்ணூறு அடி ரோட்டு பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்தாள். எதிரில் நின்ற டாக்ஸியைக் காட்டினாள். நாலு, ஏழு, நாலு, ஒண்ணு. லேசான கணக்கு.

"சொல்லுங்க பாப்போம்."

அவன் உதடு அசைந்தது. "இருபத்து... நாலு."

சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி வந்துச்சி?"

"இருபத்து நாலு."

அடுத்து ஒரு ஸ்கூட்டர். அப்புறம் ஒரு பால் வண்டி. எதைக் காட்டினாலும் அதே பதில். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்றிருந்த ஒரு கார் வந்தது. அதில் எந்தக் கொம்பனாலும் இருபத்து நாலைக் கொண்டுவர முடியாது. அதற்கும் "இருபத்து நாலு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தான்.

"சரிதான். நீங்கதான் ஜெயிச்சிட்டிய."

அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான்.

"பொய் சொல்லுத, மாரி. நீ... இவ்வளவு லேசுல... ஒத்துக்கிட மாட்ட."

அடுத்த வண்டியைக் காட்டத் தூக்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள்.

"தப்புன்னு தெரியுது," என்றான். "எங்கன்னுதான் தெரியல."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவனும் ரோட்டுப் பக்கம் வர மறுத்துவிட்டான். வண்டி எதுவும் நுழைய முடியாத சந்தில், வாசலில் நாற்காலி போட்டு, சாயங்காலமெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.