இடது கையால் என்னென்ன செய்வான்

பதுளை மாவட்டத்துக்கு நேரே பூச்சியம் போட்டுவிட்டு நான் தேநீர் குடிக்கப் போன அன்றுதான் கிரிஷாந்தனைச் சுட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த இறுதியாண்டுக் கட்டுரை, குற்றங்களின் பிரதேச வேறுபாடு. எந்தப் பக்கத்தில் எதனால் மனிதர் சாகிறார்கள் என்று பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து அட்டவணை போட வேண்டும். கரையோரத்தில் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் கசிப்புச் சாராயம், கத்தி, சில வேளை கணவன். பொலிஸ் சூட்டில் இறந்தோர் என்ற நிரலில், நான் சேர்த்த செய்திகளின்படி எங்கள் மாவட்டம் சுத்தம். கிரிஷாந்தன் செத்த பிறகும் அது சுத்தமாகவே இருந்தது. சம்பவம் நடந்த இடத்தில்தான் எண்ண வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அவனைச் சுட்டது கரையோர நகரம் ஒன்றில். எண்ணிக்கை அவர்களுக்கு, பிரேதம் எங்களுக்கு.

கிரிஷாந்தன் என் மாமா மகன். நமுனுகுல மலையில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா. பத்தொன்பது வயதில் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் அவன் வலது கையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். வாட்ஸ்அப்பில் என்ன கேட்டாலும் அதையே அனுப்புவான். "இருக்கிறதத்தானே அனுப்ப முடியும்" என்பான். தோட்டத்தில் அவனுக்கு வேலை சரிவரவில்லை. கரையோரம் போய் ஒரு லொட்ஜில் அறைச்சாவி கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். அவன் சாவி கொடுத்த ஆள் ஒருவனைத் தேடி ஒரு நாள் பொலிஸ் வந்தது. ஆள் ஓடிவிட்டான். சாவி கொடுத்தவன் ஓட வேண்டும் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது. மறைத்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றபோது, சந்தேகநபர் புதருக்குள் இருந்த பிஸ்டலை வலது கையால் எடுத்துச் சுட முயன்றாராம். தற்பாதுகாப்புக்காகப் பொலிஸார் திருப்பிச் சுட்டார்களாம்.

"நம்ம பொலிஸ் அறையும், அம்புட்டுத்தான். அங்கிட்டெல்லாம் சுடும்" என்றார் கடைசிக் காம்பரா முத்தையா, ஊருக்கு ஊர் குழம்பு மாறுவதைச் சொல்வதுபோல. "சும்மா சுடுவாங்களா? ஏதாச்சும் இருந்திருக்கும்."

"எதைய்யா புடிச்சான்?" என்று வாசலுக்கே வந்துவிட்டாள் சந்திரகாந்தி அத்தை, கிரிஷாந்தனின் அம்மா. "சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்புட்ட பய. துப்பாக்கிய எதால புடிச்சான், சொல்லு!"

முத்தையா பீடியைக் கீழே போட்டு நீண்ட நேரம் மிதித்தார்.

காசு வாங்காமல் வழக்கைப் பார்க்க தயானி என்ற சிங்களச் சட்டத்தரணி முன்வந்தார். என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு மாடசாமி மாமா யோசிக்கவே இல்லை.

"எம்புள்ள துப்பாக்கி புடிக்கலன்னு கவர்மெண்ட்டு ஒரு தாள் குடுக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"அப்போ கோர்ட்ல ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் தயானி தன் தமிழில். "வலது கையில் விரல் இல்லை. கேக்கிறதுக்கு மட்டும் பதில். கூட வேணாம்."

மரண விசாரணைக்குப் போகும் பஸ்ஸில் நான் நீதவானாக இருந்து மாமாவுக்குப் பழக்கினேன். நான் "சாட்சி" என்று கூப்பிட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். "பெரியவரே, பஸ் வளையுது, ஒக்காருங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"ஒக்காந்துக்கிட்டா பதில் சொல்றது?" என்று மாமா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். முப்பத்தாறு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். உட்கார்ந்துகொண்டு பதில் சொன்ன அனுபவம் அவருக்கு இல்லை. பண்டாரவளை தாண்டுவதற்குள் எல்லாம் பாடமாகிவிட்டது. "வலது கையில வெரல் இல்லைங்க. வலது கையில வெரல் இல்லைங்க." முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, அவருடைய கையைத் தேடினாள்.

நீதிமன்ற வராந்தாவில் பொலிஸ் அதிகாரி ஒருவர் மாமாவிடம் அன்பாகவே பேசினார். "ஒங்க ஊர் அமைதியான ஊர். பிள்ளைகளை அங்கேயே வச்சிருக்கணும்" என்றார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் டாக்டரின் அறிக்கை. வலது கையில் நான்கு விரல்கள் இல்லை, பழைய காயம் என்று தெளிவாக எழுதியிருந்தார். தயானி என்னைத் திரும்பிப் பார்த்தார். வென்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அரை நிமிஷம் இருந்தது.

வராந்தாவில் பேசிய அதே அதிகாரி எழுந்தார். அவருக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. முந்திய ஒரு சம்பவத்தின் அறிக்கையைப் பார்த்து டைப் செய்தபோது நேர்ந்த தவறு என்றார். இடது கை என்று திருத்திக்கொள்ள அனுமதி கேட்டார். தயானி ஆட்சேபித்தார். நீதவான் ஆட்சேபத்தையும் எழுதிக்கொண்டார், திருத்தத்தையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பொலிஸ் தரப்புச் சட்டத்தரணி மாமாவிடம் வந்தார்.

"உங்கள் மகன் இடது கையால் வேலை செய்வாரா?"

மொழிபெயர்ப்பாளர் அதை நல்ல தமிழில் கேட்டார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

மாமா நிமிர்ந்தார். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொண்டன.

"செய்வானுங்க."

"என்னென்ன செய்வார்?"

"எல்லாம் செய்வானுங்க ஐயா. பில்லு வெட்டுவான், தண்ணி தூக்குவான். கவ்வாத்துக் கத்தி புடிச்சான்னா எனக்கு மேல நிப்பான். ஒருநாக்கூட வேலைக்கு வராம நிக்க மாட்டான்."

தயானி எழுந்து ஏதோ சொன்னார். தனக்காகத்தான் எழுந்திருக்கிறார் என்று மாமாவுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"சோத்தாங்கையவிட நொட்டாங்கைதான் பலமுங்க!"

அத்தனையும் பொய். கிரிஷாந்தன் கவ்வாத்துக் கத்தியை இடது கையில் பிடித்த ஒரே நாளில் தன் முழங்காலை வெட்டிக்கொண்டான். ஆனால் மாமா பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் காற்சட்டை போட்ட ஒருவர் இருப்பார். இவன் வேலை செய்வானா என்று கேட்பார். காய்ச்சல்காரனும் செய்வான். முதுகு ஒடிந்தவளும் செய்வாள். செய்ய மாட்டான் என்று ஒரு தகப்பன் சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பேர் விழாது. நீதிமன்றத்திலும் மேசை இருந்தது. பின்னால் ஒருவர் இருந்தார், முன்னால் பதிவேடு திறந்திருந்தது. மாமா தன் மகனுக்குப் பேர் கொடுத்தார். இந்த முறை விழுந்துவிட்டது.

நியாயமான தற்பாதுகாப்பு என்று முடிவு எழுத அதிக நேரம் ஆகவில்லை.

வெளியே தயானி கோப்பை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். "இடது கையைப் பத்தி நான் சொல்லிக் குடுக்கல்ல" என்றார் என்னிடம். "மேல்கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா அப்பா சொன்னதும் கூடவே வரும்."

திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மலை ஏறத் தொடங்கியதும் என் தோளைத் தொட்டார்.

"அஜந்தா, நான் சரியாத்தானே சொன்னேன்?"

சிரிப்புக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சரியாத்தான் சொன்னீங்க மாமா."

லயத்துக்கு வந்தபோது அத்தை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கொழுந்துச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"சுட்டது தப்பில்லன்னு எழுதிட்டாங்க."

"வெரலச் சொல்லலியா நீங்க?"

"டாக்டரே சொல்லிட்டாரு புள்ள. அதுக்கப்புறம் நொட்டாங்கையக் கேட்டாங்க."

"நொட்டாங்கைய என்னான்னு?"

"என்னென்ன செய்வான்னு. நான் விடல. எல்லாம் செய்வான்னு சொன்னேன். கத்தி புடிச்சா எனக்கு மேலன்னு சொன்னேன். அத்தன பேரு முன்னுக்கு எம்புள்ளய கையாலாகாதவன்னு நெனச்சிறக் கூடாதுல்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் லயத்து வடிகானில் ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். அதில் யாரோ அரிசி களைந்த தண்ணீர் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

"நல்லாச் சொன்னீங்க" என்றாள் பிறகு. "கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

மாமா தண்ணீர்ப் பீலிப் பக்கம் நாலடி போனார். நின்றார். திரும்பினார்.

"அவ்வளவு நல்லபடியாச் சொல்லியும் ஏன் புள்ள அப்புடி எழுதுனாங்க?"

"தெரியலியே" என்றாள் அத்தை, சாக்கை அவிழ்த்தபடி. "சாப்புடுங்க மொத."