நீலப் புள்ளி இறங்கிய வளைவு

செல்போனில் சிக்னல் போய்விட்டால், மேப்பில் நம்மைக் காட்டும் நீலப் புள்ளி இறங்கி நடந்துபோய் வழி பார்த்துவிட்டு வரும். அதனால் காருக்கு போன் ஸ்டாண்டு வாங்குகிறவர்கள், புள்ளி இறங்கி ஏற வசதியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

எனக்கு இதெல்லாம் வாங்கத் தெரியாது. கத்தரிக்காயையே சொத்தையாகப் பார்த்து வாங்குகிறவன் நான். ஆனால் தங்கை சுகந்தியின் மகளுக்குக் கொல்லிமலையில், குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சுகந்திக்கு என்னை விட்டால் வேறு அண்ணன் தம்பி கிடையாது. மலையில் சிக்னலும் கிடையாது.

நாமக்கல்லில் கார் சாமான் கடைக்காரர் ஸ்டாண்டுகளைப் பரப்பினார்.

"இது கண்ணாடியில ஒட்டுறதுங்ண்ணா. ஒசரம் சாஸ்தி, புள்ளி குதிச்சுத்தான் எறங்கோணும். இது ஏசி முன்னால மாட்டுறது. காத்துல புள்ளிக்குச் சளி புடிச்சுக்கும்."

"காந்தம் வெச்சது?"

"அது புள்ளியையும் சேத்துப் புடிச்சுக்குமுங்க. எறங்கவே விடாது."

கடைசியில், சின்னதாகப் படி வைத்த ஒன்றை என் கையில் கொடுத்தார். "மேப்பை மட்டும் ஊருலயே எறக்கிப் பொட்டலம் கட்டி வெச்சுக்குங்க. நடந்து போற புள்ளிக்குப் பசிக்குமில்லீங்களா."

எது நல்லது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. படி வைத்ததையே வாங்கினேன்.

மலை ஏறுகையில் சிக்னல் போனது. அடுத்த வளைவில் சாலை இரண்டாகப் பிரிந்தது. காரை ஓரங்கட்டினேன். புள்ளி படியிறங்கிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. பின்சீட்டில் இருந்த சீர்த்தட்டையும் எடுத்துக்கொண்டது. தட்டில் பிள்ளைக்குத் தோடும், நான் உடுத்த வேண்டிய பட்டு வேட்டியும் இருந்தன. அது எதற்கு என்று கேட்பதற்குள் புள்ளி வளைவில் மறைந்துவிட்டது.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டே இருந்தது. நான் போகாவிட்டால் பிள்ளையை யார் மடியில் வைப்பார்கள்? கீழே இறங்கிவந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். ஆளில்லாத காரை எவனோ ரோட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று டிரைவர் திட்டிக்கொண்டே போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நான் இருக்கிறேன். புள்ளி காரில் இல்லை.

அது திரும்பவே இல்லை. குத்துமதிப்பாகக் காரை இடப்பக்கம் திருப்பினேன். கோயில் வந்துவிட்டது.

பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி என் பட்டு வேட்டியை உடுத்திக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் தோடு இருந்தது.

"எங்க வராமப் போயிருவீங்களோன்னு பயந்தேங்ண்ணா," என்றாள் சுகந்தி, புள்ளியைப் பார்த்து. "உங்க மடியில உக்கார வெச்சதும் பாப்பா அழுகவே இல்லை."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பிள்ளையக் கொஞ்சம் குடும்மா," என்றேன்.

"இந்நேரம் வரைக்கும் நீங்கதானுங்ண்ணா வெச்சிருந்தீங்க?"

சாப்பிட உட்காரப் போனேன். நான் சாப்பிட்டாயிற்றாம். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேனாம்.

கிளம்பும்போது புள்ளி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டது. நான் படியேறி ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஏற வசதியாகத்தான் இருந்தது.

சாலை பிரியும் இடத்தில் புள்ளி காரை ஓரங்கட்டி, ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டியது. நான் இறங்கி, காலையில் போகாத வலப்பக்கச் சாலையில் வழி பார்க்க நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பந்தல் தெரிந்தது. வாசலில் நீலப் புள்ளிகள் கூட்டமாக நின்றன. "மாமன் வந்தாச்சு, மணையப் போடுங்க," என்றது ஒன்று. யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு சின்னஞ்சிறு புள்ளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். கனமே இல்லை, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு அதன் காதைத் தேட ஆரம்பித்தார்.

"அழுகாத கண்ணு, மாமன் இருக்கறேன்," என்றேன்.