நாலு விதமாக உடுத்தலாம்

விடியற்காலை ஐந்து மணிக்கே நாற்பது தையல் மெஷின்களும் கத்த ஆரம்பித்துவிட்டன. இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து தொண்டையை அறுத்தன. ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். துணியில் புழுதி படியுமாம். எங்கள் நெஞ்சில் படிவதைப் பற்றி யாருக்குக் கவலை?

அன்று எல்லோரும் தைத்துக்கொண்டிருந்தது நான் யோசித்துச் செய்த உடுப்பு. மாதிரி தைப்பது என் வேலை. இடுப்பில் கட்டினால் பாவாடை, தோளில் போட்டால் போர்வை, குறுக்கே மடித்தால் மேல்சட்டை, கழுத்தில் மாட்டினால் நீள கவுன். பதினாறு பிரஸ் பட்டன்கள் அதைப் பிடித்து நிறுத்தும். முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

ஒரு தப்புச் செய்திருந்தேன். இடுப்புப் பட்டன் நாலு மடிப்புத் துணிமேல் விழுந்தது. மாதிரிக்குச் சுத்தியலால் அடித்ததால் எனக்கு அது உறைக்கவில்லை. பட்டன் மெஷினில் விரலைக் காக்கும் கம்பிக்கு அடியில் அத்தனை தடிமன் நுழையவில்லை. சூப்பர்வைசர் கம்பியையே கழற்றிப் போட்டான்.

ஏழு மணிக்கு, பட்டன் அடித்துக்கொண்டிருந்த என் நாத்தனாரின் ஆள்காட்டி விரலில் மெஷின் இறங்கியது. ரத்தம் சொட்ட வண்டியில் ஏற்றியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் நாங்கள். இனி எந்த முகத்தோடு அவளுக்குத் தட்டு வைப்பேன்?

முதலாளி வந்ததும் கறைபட்ட துணியைத்தான் முதலில் பார்த்தார்.

"அடுத்த ஆள் உக்காரு."

யாரும் நகரவில்லை.

"நீ வா. உன் டிசைன்தானே? நீயே அடி."

"மாட்டேன் சார். இடுப்புக்கு நாடா வச்சுத் தர்றேன், அரை மணி நேரம் குடுங்க. இல்லன்னா கம்பிய மாட்டுங்க."

"வாங்கறவன் பட்டனத்தான் ஒத்துக்கிட்டான். நாடா கீடா எல்லாம் கிடையாது."

"விரலையும் ஒத்துக்கிட்டானா?" இஸ்திரிக்காரி கேட்டாள். "நாலு விதமா போடலாம்னு பெருமையடிச்சீங்களே, எங்கள ஒரு விதமாவது முழுசா வீட்டுக்கு அனுப்புங்க."

"அடிச்சு முடிக்காம எவளும் வெளிய போக முடியாது!"

கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். எனக்குப் பயம்தான். இங்கே வேலை போனால் வேறெந்தக் கம்பெனியும் வாசலில் நிற்க விடாது. முதலாளிகளுக்குள் அவ்வளவு ஒற்றுமை. இஸ்திரிக்காரி தன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு மெஷினாக அடங்கியது.

மத்தியானம் நாத்தனார் கட்டுப்போட்ட கையோடு கதவுக்கு வெளியே வந்து நின்றாள். பாதி விரல் இல்லை.

"எல்லாம் என்னாலதான்," என்றேன். "அந்தப் பட்டன நான்..."

"கம்பிய நீங்களா கழட்டினீங்க, அண்ணி?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"வீட்டுக்குப் போய்ப் படும்மா."

"போய்ப் படுத்தா? நாளைக்கு இன்னொருத்தி விரல் போகும்." படியில் மெல்ல உட்கார்ந்தாள். "கம்பிய மாட்டாம யாரும் மெஷினத் தொடாதீங்க. வெளிப்பக்கத்த நான் பாத்துக்கறேன், வேற ஆள உள்ள விடமாட்டேன்."

பூட்டு அப்படியே தொங்கியது. நாங்கள் அத்தனை பேரும் கதவோரம் நகர்ந்து, கம்பிக்கு இந்தப் பக்கம், அவளை ஒட்டி உட்கார்ந்தோம்.