இரண்டு விரல் இடம்

1.

மனித இனம் கண்டுபிடித்த பொருள்களிலேயே இலக்கியத்துக்கு மிகப் பெரிய கேடு செய்தது கதவு. அணுகுண்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். கதை சூடு பிடிக்கிற சமயம் பார்த்து யாராவது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள். கதாசிரியர்கள் வெளியே நின்று நிலாவை வர்ணிக்கிறார்கள். இந்தக் கதையில் அந்த மோசடி நடக்காது. எந்த அறையும் சாத்தப்படாது. வாசகர் செருப்போடு உள்ளே வரலாம்.

இதை எழுதுகிறவன் பி.காம். இறுதியாண்டு, கல்லூரிப் பத்திரிகையின் ஆஸ்தான நையாண்டிக்காரன். கதையில் தன்னைக் ‘கதாசிரியன்’ என்றே அழைத்துக்கொள்வான். ‘நான்’ என்று எழுதினால் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்.*

கதை பிறந்த காரணத்தையும் ஒளிக்கப் போவதில்லை. போன மாதம் அண்ணனும் அண்ணியும் சந்தாபுராவில் வீடு கட்டிக் குடிபோனார்கள். அங்கே எல்லாக் கதவுகளும் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காகச் சாத்துகின்றன. எதைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இருந்த ஆஸ்டின் டவுன் வீட்டின் உள்ளறை, அதன் கோணல் கதவோடு, கதாசிரியனுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறு எதுவும் எழுத வரவில்லை.

* ஊர், அண்ணன் பெயர், அண்ணி பெயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றால் ஆபத்தில்லை என்று நம்புகிறான்.

2.

முதல் தொடக்கம்: மாரிக்குப்பம் ரயிலில் மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாத ஒரு பெண் [வேண்டாம். அது என்ன, துவைத்துப் போட்ட துணியா?]

இரண்டாம் தொடக்கம்: ஆஸ்டின் டவுன் வீட்டில் இருமல் ஆரம்பித்தது 1995 பிப்ரவரியில்.

இது நிற்கும்.

வீட்டில் ஒரு கூடம், ஓர் உள்ளறை. நடுவில் சுவரில் வாசல் இருந்ததே தவிர, கதவு இருந்ததில்லை. அம்மாவின் பழைய வாயில் புடவைதான் திரை. அண்ணன் முனிகிருஷ்ணனுக்குக் கோலார் தங்கவயலிலிருந்து மலர் அண்ணி வந்தபோது உள்ளறையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அரிசி டின், இஸ்திரிப் பெட்டி, கதாசிரியனின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் யாவும் அதே அறையில்தான் இருந்தன. ஆகவே உள்ளே போகிறவர்கள் திரையைத் தூக்குமுன் ஒருமுறை இருமுவது என்று வழக்கமாயிற்று. அம்மா அரிசிக்கு இருமினாள். கதாசிரியன் அல்ஜீப்ராவுக்கு இருமினான். அந்த வயதில் அல்ஜீப்ராவின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆர்வம் ஏன் வந்தது என்பதை [இது வேறு கதை].

ஒரு மாதம் கழித்து அண்ணி பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

“அத்தே, கோவிச்சுக்காதீங்க. சண்ட போட்டுட்டுப் போவல. கதவு போட்டதும் சொல்லி அனுப்புங்க, வரேன்.”

“கதவா? உள்ள இன்னாடி பேங்க்கா நடத்துற?”

“இருமல் சத்தம் கேக்காம ஒரு நாள் பேசணும் அத்தே. அவ்ளோதான்.”

3.

அண்ணன் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவன். கடையில் ரெடிமேடாக ஒரு கதவை வாங்கி டெம்போவில் ஏற்றி வந்து நிறுத்திப் பார்த்தான். கதவு, ஊரில் உள்ள நல்ல வீடுகளை நினைத்துச் செய்ததுபோல் நேராக இருந்தது. எங்கள் வாசலோ [‘எங்கள்’ என்று வந்துவிட்டது, கதாசிரியன் வீட்டு வாசலோ] தலைமாட்டில் அகலம், கால்மாட்டில் குறுகல், மேல்சட்டம் ஒரு பக்கம் சாய்வு, தரை ஒரு மூலையில் பள்ளம்.

பக்கத்து வீட்டு யூஜின் அங்கிள் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குச் சவப்பெட்டி செய்பவர். தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். புதுசாகக் கல்யாணமானவர்கள் அறைக்கு அந்தக் கை வேண்டாம் என்று அம்மா கண்ணைக் காட்டினாள். வாளையும் இழைப்புளியையும் மட்டும் கடன் வாங்கினார்கள்.

“முனி, ஸ்வல்ப கேப் வுடுப்பா. மழைக்கு மரம் ஊதும்.”

“அங்கிள், எங்க பட்டறைல டாலரன்ஸ்னா* மயிரிழைதான். கேப் வுட்டா அது கதவு இல்ல, தட்டி.”

“உன் இஷ்டம். என் கஸ்டமருங்க யாரும் டைட்டா கீதுன்னு திரும்பி வந்ததில்ல.”

அண்ணன் சீவினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி சீவினான். கூடம் முழுக்கச் சுருள் சுருளாக மரம். கதாசிரியன் ஒரு சுருளை மீசையாக ஒட்டிக்கொண்டு கேட்டான்: “நாலு இருமலுக்குப் பயந்து இவ்ளோவாண்ணா?” அண்ணன் இன்னொரு சுருளைச் சீவித் தள்ளினான். கடைசியில் கதவு சட்டத்துக்குள் பிஸ்டன்போல் உட்கார்ந்தது. ஒரு தாள்கூட நுழையவில்லை. பள்ளமான மூலையில் மட்டும், கதவைத் தாழ இறக்கினால் திறக்கும்போது தரையில் இடிக்கும் என்பதால், இரண்டு விரல் இடம் விட வேண்டியதாயிற்று. அண்ணன் அதை ஓர் அவமானமாகவே பார்த்தான்.

 * டாலரன்ஸ்: பட்டறைப் பேச்சு. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் சிக்காமல் போய்வர விடுகிற இடம்.

4.

அண்ணி திரும்பி வந்தாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள். வீட்டில் இருமல் நின்றது. ஆனால் அவள் பெட்டியைப் பிரிக்கவில்லை. பூட்டியபடியே கட்டிலுக்கடியில் தள்ளினாள். “பாக்கலாம்,” என்றாள்.

[கதாசிரியனுக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. கேட்ட கதவு கிடைத்த பிறகும் ஏன் பிரிக்கவில்லை? எந்த நேரமும் ரயிலேறத் தயாராக ஒரு பெட்டி கிடந்தால் கதை எப்படி நகரும்? அம்மாவும் இதையேதான் கேட்டாள், கதையைப் பற்றி அல்ல.]

5.

ஜூன். விடாமல் மூன்று நாள் மழை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் உள்ளே போனார்கள். கதவு ஊதிச் சட்டத்தைக் கவ்விக்கொண்டது.

“டேய் முனி, வெளிய வாடா.”

“வரலமா. புடிச்சிக்கிச்சி.”

தெருவே கூடிவிட்டது. யூஜின் அங்கிள் கடப்பாரையோடு வந்தார். முதலில் கதவருகே குனிந்து, “முனி, டாலரன்ஸ் எப்பிடி கீது?” என்று விசாரித்தார். பிறகு கடப்பாரையைத் தூக்கினார்.

“ஒடைச்சிரலாமா?”

அப்போது அண்ணியின் குரல் கேட்டது. “யாரும் கை வைக்காதீங்க. நாங்க இங்கியே இருக்கோம்.”

கடப்பாரை சுவரில் சாய்ந்தது. அண்ணன் அவமானமாகப் பார்த்த அந்த இரண்டு விரல் இடம் வழியாக அம்மா தினத்தாளில் வைத்துத் தோசைகளைத் தள்ளினாள். கூடவே யூஜின் அங்கிள் ஓர் ஆக்ஸா பிளேடையும் தள்ளினார். “சந்துல வுட்டு மாத்தி மாத்தி அறுங்க.”

அறுக்கும் சத்தம் வரவில்லை.

“இன்னா பண்ணுதுங்க உள்ள?”

“சாப்புடுவாங்கம்மா.”

“நாலு தோசைய இவ்ளோ நேரமா?”

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அறுக்கத் தொடங்கினார்கள். கதவு திறந்தபோது அண்ணியின் புருவமெல்லாம் மரத்தூள். அண்ணனின் கண் சிவந்திருந்தது. “தூசி,” என்றான். அண்ணி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துப் பூட்டைத் திறந்து, புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். காலிப் பெட்டியைக் கதாசிரியன் கையில் கொடுத்தாள்.

“தம்பி, இத பரண்ல போடு.”

6.

முடிவு (அ): தோசைக்கும் பிளேடுக்கும் நடுவே அண்ணன் மன்னிப்புக் கேட்டான். [எதற்கு என்று சொல்ல வேண்டிவரும்.]

முடிவு (ஆ): ஒன்றும் பேசவில்லை, தூங்கிப்போனார்கள். [பொய்.]

பொய் என்று கதாசிரியனுக்குத் தெரியும். கூட்டம் டீக்குக் கலைந்த நேரத்தில் அந்த மூலையில் காதை வைத்துப் படுத்திருந்தவன் அவன்தான். அண்ணி ஏன் பெட்டியைப் பிரிக்கவில்லை, அன்று ஏன் பிரித்தாள், இரண்டுக்குமான விடை அந்தச் சந்து வழியாக வந்தது. முதல் பகுதியில் வாக்கும் கொடுத்திருக்கிறான். இதோ.

அண்ணி சொன்னாள்: “எனக்கு உங்க வீட்ல பயமே இன்னான்னா, நான்

7.

பேனாவை மூடி வைத்தான். வெளியே தூறல். கூடத்தில் ரேடியோ ஓடுகிறது. முன்பெல்லாம் இந்த வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தால் மூன்று பேர் ‘இன்னா’ என்பார்கள். இப்போது இரண்டே பேர். கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது.

எழுந்து போய்ச் சாத்தினான். ஈரத்தில் சற்று ஊதியிருந்தது. தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு உட்கார்ந்து, ஆறாம் பகுதியின் கடைசி வரிக்குப் பிறகு எழுதியிருந்த முக்கால் பக்கத்தையும் சுருள் சுருளாகக் கிழித்தான். அந்த இடத்தில் இரண்டு விரல் அளவுக்கு வெறுமையாக விட்டான். வாசகர் எதை வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம்.

கதவுக்கு வெளியே, நான்கு வருடத்துக்குப் பிறகு, அம்மா இருமினாள்.