நாலாம் கட்டிலுக்கு அடியில் ஊற்று

சந்தனமாரி உட்கார்ந்த இடத்தில் ஊற்று கண்டது. எண்பத்திரண்டாம் வருஷம் கள்ளிவிளையின் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரிய வறண்டபோது, அவள் குடியிருந்த மாட்டுத் தொழுவத்தின் மூலை மட்டும் நனைந்துகொண்டிருந்தது. அவளைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும் என்பது ஊருக்குத் தெரிந்ததுதான். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் எருமை அங்கே மூக்கை வைத்து வெகுநேரம் குடித்ததைப் பார்த்த பிறகு அவள் புருஷன் சங்கரபாண்டி மண்வெட்டியால் கொத்தினான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் பொங்கி வந்தது. குற்றாலத்தில் சாரல் காலத்து அருவிக்குள் நிற்கும்போது வாய்க்குள் போகுமே, அந்த ருசி அதில் இருந்தது. அவளை அடுத்த தெருவுக்கு மாற்றி உட்காரவைத்தார்கள். அங்கேயும் ஊற்று கண்டது. அவள் போனபின் பழைய ஊற்று மெல்ல மெல்ல அடங்கியது.

இந்தச் சேதி தென்காசியில் டாக்டர் விஜயத்தின் காதுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. கள்ளிவிளையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்தி, தன் ஊரில் மட்டும் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லி, அதற்கான காரணத்தையும் சொன்னாள். பிள்ளை செத்துப் பிறந்த நாளிலிருந்து மூத்திரம் நிற்காமல் வடிந்துகொண்டிருக்கும் ஒரு பெண் அங்கே இருக்கிறாள் என்பதுதான் விஜயத்துக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் பட்டது. அவள் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அப்படி ஒருத்தியைத்தான்.

விஜயம் தென்காசிக்காரி. அண்ணன்மார் பம்பாய்க்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு அப்பா ராமசேஷனும் சென்னைக்குப் போனார். குற்றாலம் ரோட்டில் தருமத்துக்கு நடந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு விஜயம் மட்டும் தங்கிவிட்டாள். எழுபத்தைந்தில், நாள் கணக்கில் வலி எடுத்துச் சோர்ந்துபோன ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை ஏற்கெனவே இறந்திருந்தது. தாயைப் பிழைக்கவைத்தாள். ஆனால் பிள்ளையின் தலை அத்தனை நாள் அழுத்தியதில் மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே இருந்த சதை செத்து, ஓட்டை விழுந்திருந்தது. விஜயம் தைத்தாள், தையல் பிரிந்தது. மறுபடி தைத்தாள், ஓட்டை பெரிதாயிற்று. ஒரு காலையில் கட்டில் காலியாகக் கிடந்தது. போர்த்தியிருந்த விரிப்பை அந்தப் பெண் துவைத்துச் சுவரின்மேல் உலர்த்திவிட்டுப் போயிருந்தாள்.

அதன்பிறகு விஜயத்துக்கு அந்த வேலையைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு மலைநகரத்து ஆஸ்பத்திரி அவளை இரண்டு வருஷப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. அங்கே முற்றம் நிறைய இதே கோளாறுள்ள பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மாதம்வரை அவள் கையில் கத்தி கொடுக்கவில்லை. புண்ணைக் கழுவினாள், குழாய் பொருத்தினாள், பார்த்துக்கொண்டு நின்றாள். தகரக் குவளையின் அடியில் ஈரத்தோலை வைத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஆழத்தில் விரலின் உணர்வை நம்பித் தைக்கப் பழகினாள். அவசரப்படாமல் இருப்பதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்த பாடம். புண் ஆறி, சதை உரம் பெறும்வரை ஊசியைத் தொடக்கூடாது. கூட்டிவந்தவர்களிடம் கேட்காதே, படுத்திருப்பவளிடம் கேள் என்பதையும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் பேச ஆளில்லாமல், கை கழுவும்போது குழாயடியில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது போகவில்லை.

எழுபத்தொன்பதில் திரும்பி வந்தவளுக்கு ஆஸ்பத்திரிச் செயலாளர் ஞானசம்பந்தம் பின்கட்டில் ஆறு கட்டில் போட்ட ஒரு வார்டையும், மெஹர் பானு என்ற நர்ஸையும் கொடுத்தார். யாரும் வரவில்லை. விஜயம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி சிவகிரி, ராயகிரி, புளியறை என்று போய் விசாரித்தாள். நம்ம ஊரில் அப்படி ஒருத்தியும் கிடையாது என்று எல்லா ஊரிலும் ஒன்றுபோலச் சொன்னார்கள். தொழுவங்களும் காட்டுக் குடிசைகளும் பஸ்ஸிலிருந்து தெரியாது. மெஹர் பானு யாரும் படுக்காத கட்டில்களின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். விஜயம் சாயங்காலங்களில் காலி வார்டில் உட்கார்ந்து, கை மறந்துவிடாமலிருக்கத் தகரக் குவளைக்குள் தைத்தாள்.

கள்ளிவிளைக்கு அவள் போனபோது ஊர்ப் பெரியவர் சிவனணைந்தபெருமாளே பெருமையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சந்தனமாரியை ஒரு தேக்கு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலியில் மூங்கில் கட்டித் தெருத்தெருவாகத் தூக்கிப் போவார்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று முறை வைத்திருந்தார்கள். நாற்காலிக் காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. முன்பு ஏட்டி என்றுகூட யாரும் கூப்பிடாதவளை இப்போது தாயி என்றார்கள். ஆனால் மூங்கிலைத்தான் தொட்டார்கள், அவளைத் தொடவில்லை. சோற்றை இலையில் வைத்து எட்டத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஈரச் சேலைக்குள் தொடை இரண்டும் வெந்து புண்ணாகிக் கிடந்தன.

விஜயம் அந்த ஈரத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தனமாரி முதலில் பார்த்தது நனைந்துகொண்டிருந்த டாக்டரின் சேலையைத்தான். விஜயம் மெதுவாக எல்லாவற்றையும் விளக்கினாள். உள்ளே ஓட்டை இருக்கிறது, அதைத் தைக்கலாம், முதல் தடவையிலேயே சரியாகும் என்று சத்தியம் செய்ய முடியாது.

“தச்சா காஞ்சிருமா?” என்று சந்தனமாரி கேட்டாள்.

“காஞ்சிரும்னுதான் நெனைக்கேன். ஊத்தும் நின்னாலும் நின்னுரும்.”

“நின்னா நிக்கட்டும். எனக்கு ஒரு நாளாவது காஞ்ச பாயில படுக்கணும், டாக்டரம்மா.”

தொடைப் புண்ணுக்கு மருந்து போட்டு ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துப் பெரியவர் தடுக்கவில்லை. இரண்டு பேரும் மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். பாவூர்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸின் படி வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் நாலாம் கட்டில் கொடுத்தார்கள். விடிவதற்குள் கட்டிலுக்கு அடியில் தரை வெடித்து ஊற்று கண்டது. மெஹர் பானு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

புண் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ள விஜயம் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் நீல மருந்தை ஏற்றினாள். உள்ளே வைத்த துணி நடுவில் நீலமானது. ஓட்டை சுண்டுவிரல் நுனி அளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் கள்ளிவிளையில், அடங்கிக்கொண்டிருந்த ஊற்றுகளெல்லாம் நீலமாக ஓடின. உலை வைத்தவர்கள் நீலச் சோறு தின்றார்கள். தண்ணீரில் யாரோ கை வைக்கிறார்கள் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் டிராக்டர் வந்தது. பெரியவரும் சங்கரபாண்டியும் காலிக்குடங்களோடு பெண்களும் இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் விஜயத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்த குழந்தைகளின் உதடு வெடித்திருந்ததை அவள் பார்த்தாள். பெரியவர் கைகூப்பினார்.

“ஊரு குடிக்குத தண்ணி, டாக்டரம்மா. மழை பெய்யட்டும், அப்புறம் தைங்க. நாங்களே கொண்டாந்து விடுதோம்.”

இரண்டு வருஷப் பயிற்சியில் இதற்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் இன்னொரு டாக்டரும் இல்லை. கைகழுவும் இடத்தில் போய் நின்று தனக்குள் பேசிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், குழந்தைகளின் உதட்டைப் பற்றியும் சேர்த்து, ஒன்றையும் மறைக்காமல் சந்தனமாரியிடம் சொன்னாள். மழைவரை பொறுத்தாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான்.

சந்தனமாரி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். அவள் காலடியில் தண்ணீர் கட்டிப் படியிறங்கி ஓடியது. பெண்கள் தங்களை அறியாமல் குடத்தைச் சாய்த்தார்கள். இத்தனை வருஷமாகத் தொழுவத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத சங்கரபாண்டி, இனிமேல் உள்வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், வா என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“இத்தனை வருசத்துல எவளாவது ஒருத்தி எம்பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சோறு தின்னிருந்தா, நான் இப்ப வந்திருப்பேன்.”

அவள் கொழுந்தன் பெண்டாட்டி குருவம்மாள் குடத்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் படியேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனமாரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு உள்ளே திரும்பிப் போனாள். டிராக்டர் போன பிறகும் வேப்பமரத்தடியில் ஒரு குடம் இருந்தது.

ஆபரேஷன் மறுநாள் முற்பகலில் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் சந்தனமாரி விழித்திருந்தாள். மெஹர் பானுவிடம் புளியறை சாலையில் எத்தனை சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். விஜயம் வடுவைப் பிரித்து, சதையை இழுவையில்லாமல் தளர்த்தி, இரண்டு அடுக்காகத் தைத்தாள். குவளைக்குள் தைத்துத் தைத்து அவள் விரல்கள் எதையும் மறக்காமல் இருந்தன. மறுபடி நீல மருந்தை ஏற்றினாள். துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. இரண்டு வாரம் சந்தனமாரி குழாயோடு படுத்திருந்தாள். குழாயை எடுத்த அன்றும் சேலை காய்ந்திருந்தது. சந்தனமாரி கட்டிலை விட்டு இறங்கி, ஒரு கோரைப்பாயை ஊற்றுக்கு எட்டாமல் வராந்தாவில் விரித்துப் படுத்து, அன்று பகல் முழுவதும் தூங்கினாள். அவ்வப்போது தூக்கத்திலேயே பாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். விஜயம் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லிச் சந்தோஷப்பட அவளுக்கு அந்த ஊரில் ஆள் இல்லை.

கள்ளிவிளை ஊற்றுகள் வற்றிப்போயின. நாலாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது மட்டும் நிற்கவில்லை. ஞானசம்பந்தம் கொத்தனாரைக் கூட்டிவந்து சிமெண்டு பூசினார். அது பக்கத்துத் தரைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அவர் யோசித்துப் பார்த்து, சுவரோரமாக வாய்க்கால் வெட்டி, ரோட்டோரத்தில் தொட்டி கட்டிவிட்டார். பழகியவர்கள் கட்டிலைச் சுற்றிக் கவனமாக நடந்தார்கள். கள்ளிவிளை டிராக்டர் ஒரு காலையில் பீப்பாய்களோடு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிற்று. பிறகு தினமும் வந்தது.

விஜயம் தன் குவார்ட்டர்ஸில் இன்னொரு கயிற்றுக்கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். சந்தனமாரி வார்டில் கூடமாட உதவியாக இருந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம். அதை வாய்விட்டுச் சொல்வதற்குள், புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்ட ஆள் கேட்கிறார்கள் என்று சந்தனமாரி துணியை மூட்டை கட்டிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை விஜயம் கூடப் போனாள்.

“அங்கன ஒருத்தருக்கும் என்னையத் தெரியாது,” என்றாள் சந்தனமாரி. அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

நல்லது என்றாள் விஜயம். பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தனமாரி அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. அவ்வளவு நன்றாக ஆகிவிட்டது. கயிற்றுக்கட்டிலை விஜயம் சுவரில் சாய்த்து வைத்தாள்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் டிராக்டரில் பீப்பாய்களுக்கு நடுவே குருவம்மாள் வந்தாள். அவளோடு, மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இன்னொருத்தியும் வந்தாள். சிவகிரிப் பக்கம் குருவம்மாளுடைய சித்தி மகள், நாலு வருஷமாகக் காட்டுக் குடிசையில் கிடந்தவள். இறங்கத் தயங்கியவளைக் குருவம்மாள் அணைத்து இறக்கினாள். இரண்டு பேர் சேலையும் நனைந்திருந்தது. அடுத்த மாதம் ராயகிரியிலிருந்து ஒருத்தி வந்தாள். தண்ணீருக்கு வந்த வண்டிகள் போகிற வழியிலெல்லாம் சேதி சொல்லின. அந்தந்த ஊரில் அப்படி யாருமே கிடையாது என்று சொன்னவர்களே, விடியுமுன் அழைத்துவந்து தொட்டியடியில் விட்டுப் போனார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஊற்று எதுவும் காணவில்லை. அவர்களுக்குச் சாதாரணமாகத்தான் வடிந்தது. அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கள்ளிவிளைக் கிணறுகள் நிறைந்தன. டிராக்டர் வருவது நின்றது. பெண்கள் வருவது நிற்கவில்லை. ஆறு கட்டில் பதினாறாயிற்று.

எண்பத்தாறில் அந்த ஆஸ்பத்திரியே டாக்டர்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சி தொடங்கியது. முதலில் வந்த ரஹ்மத் திருச்சியில் படித்த பெண். வார்டு வாசலில் நின்று, தரையெல்லாம் தண்ணீராக இருக்கிறதே, குழாய் ஏதும் உடைந்திருக்கிறதா என்று கேட்டாள்.

“அது ஊத்து. செருப்பைக் கழத்தி மேல வச்சிருங்க,” என்றாள் மெஹர் பானு.

ரஹ்மத் செருப்பைக் கழற்றி மேலே வைத்தாள். அவளிடம் விஜயம் தகரக் குவளையையும் ஈரத்தோலையும் கொடுத்தாள். இரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பேச்சு பெரும்பாலும் தையலைப் பற்றித்தான். ஆனாலும் விஜயத்துக்குக் குழாயடியில் தனக்குத்தானே பேசுவது குறைந்தது. பயிற்சி முடிந்ததும் ரஹ்மத் தன் ஊர்ப் பக்கம் இதேபோல் ஒரு வார்டு தொடங்கப் போனாள். அடுத்த ஆள் வர ஆனி மாதம் ஆகும் என்றார்கள்.

ரஹ்மத் கிளம்பிய அன்று சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு விஜயம் குவார்ட்டர்ஸுக்குப் போகவில்லை. நாலாம் கட்டிலில், ஓட்டப்பிடாரத்துப் பெண் ஒருத்தி தையல் போட்ட மூன்றாம் நாளில் தூங்கிக்கொண்டிருந்தாள். விஜயம் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு, சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் ஊற்றுக்குள் விட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.