பன்னிரண்டு மணி வரைக்கும்

அப்பாவின் தாடையைக் கட்டக் கிழித்த வேட்டித்துண்டை ஜெயப்பிரியா தன் வாயிலேயே திணித்துக்கொண்டாள். எங்கே அலறிவிடுவோமோ என்ற பயம். தம்பி கதிர்வேல் கதவைச் சாத்தினான்.

“காலைப் புடிச்சுக் கேக்கறேங்க்கா. பன்னண்டு மணி வரைக்கும் பொறுத்துக்க. தாடையக் கட்டாத. ஊட்டுக்குள்ள யாராச்சும் எட்டிப் பாத்தா தெரிஞ்சு போயிரும்.”

அவள் துணியை எடுத்தாள். “அப்பன் செத்துக் கெடக்கறாரு. எழவு சொல்லாம எப்படிடா மறைக்கறது?”

“இன்னைக்கு உட்டா அவ்வளவுதான். நாளைக்கே தேர்தல் தேதி சொல்லிருவாங்க. அப்புறம் கவர்மெண்டுப் பங்குக்கு ஒரு ஆபீசரும் கையெழுத்துப் போட மாட்டான்.”

அவன் சொன்னது பொய்யில்லை. டென்மார்க்கில் வேலை பார்க்கும் இவனும், வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்களும் பாதி போட, மீதியை அரசாங்கம் போட்டு, ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு கட்டுகிறார்கள். இன்னும் அரைமணியில் எதிர்த் திடலில் அடிக்கல். எழவு தெரிந்தால் ஊரே இங்கே திரும்பிவிடும். தீட்டுக்காரனைக் கல்லைத் தொடவும் விடமாட்டார்கள். அத்தனையும் யாருக்காக? வாரம் மூன்று நாள் நாமக்கல்லுக்குப் பஸ்ஸேறி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வரும் வழியெல்லாம் வாந்தி எடுத்த இந்த அப்பன் செங்கோட்டையனுக்காக. மனுஷன் இன்னும் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கக் கூடாதா! செத்தவர் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கதிர்வேல் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவள்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் அவன் போனான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“ஏஞ் சாமி, விழாவுக்கு வரலியா? அப்பனுக்கு எப்படி இருக்குது?”

“இப்பத்தான் தூங்கறாருங்க அத்தை.”

பாவி, எப்படித்தான் வாய் வந்ததோ! கண்ணாத்தாள் போனதும் துணியை மறுபடி கடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி அலறியது. கடல்தாண்டிப் போன பிள்ளைகள் தாய்மண்ணை மறக்கவில்லை என்று அதிகாரி பேசி முடித்தார். பிறகு கதிர்வேலின் குரல்.

“எங்கப்பா... வாரத்துல மூணு நாளு...”

அதற்குமேல் வரவில்லை. மைக்கில் மூச்சுதான் இரைந்தது. பிறகு ஒரு விசும்பல். ஊர்ப்பாசத்தில் உருகுகிறான் என்று நினைத்ததோ என்னவோ, கூட்டம் கைதட்டத் தொடங்கியது. விசில் வேறு.

அந்த இரைச்சலுக்குள் ஜெயப்பிரியா வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். அப்பாவின் மார்பில் விழுந்து, “என்னப் பெத்த அப்பா!” என்று அடிவயிற்றிலிருந்து கதறினாள்.

கைதட்டல் அடங்கியது. அவள் துணியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.