சித்திரகுப்தனுக்கு நூற்றைம்பது சொற்கள்

அப்பாவின் சட்டையில் வலது கைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் தொலைபேசி மூன்றாவது முறையாக அடித்தது. அவர் கை விறைத்திருந்ததால் பொத்தான் துளைக்குள் நுழைய மறுத்தது. அவள் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பொத்தானை விடாமல், “சொல்லுங்க சார்” என்றாள்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நாளைக்கு ஆறாம் பக்கத்துல போடறோம். நாங்களே எழுதிட்டோம். படிக்கிறேன், கேக்கறீங்களா?”

பேசியவர், அப்பா முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த நாளிதழின் ஆசிரியர். அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஆசிரியர் நாற்காலிக்கு வந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “ஈடு செய்ய இயலாத இழப்பு. எழுத்துலகில் ஒரு பெரும் வெற்றிடம்...”

“நிறுத்துங்க சார்.”

அப்பா அந்த வார்த்தைகளைக் கேட்டிருந்தால் படுத்த படுக்கையிலிருந்து எழுந்து வந்து அடித்திருப்பார். வெற்றிடம் என்று எழுதுகிறவன் செத்தவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்காதவன் என்பது அவர் கட்சி. போய்ப் பார்த்தால் அங்கே நாற்காலி இருக்கும், மூக்குக் கண்ணாடி இருக்கும், பாதி குடித்த மருந்து இருக்கும், அதை எழுதடா என்பார்.

“நான் எழுதித் தரேன் சார்.”

“நீங்களா? நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?”

“ரத்தப் பரிசோதனைக் கூடத்துல.”

“நூத்தைம்பது வார்த்தை. நாலு மணிக்குள்ள வேணும். அதுக்கப்புறம் பக்கத்தை மூடிடுவோம்” என்றார்.

அப்பாவை எடுத்துப்போகும் வண்டியையும் நாலு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தது.

அப்பாவின் வேலை செத்தவர்களைப் பற்றி எழுதுவது. அமைச்சர், அறிஞர், நடிகர், ஆட்டக்காரர் என்று ஊர் அறிந்தவர் யார் போனாலும் மறுநாள் ஆறாம் பக்கத்தில் அவருடைய வாழ்க்கை இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. அலுவலகத்தில் அவருக்குச் சித்திரகுப்தன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் கண்ணை மூடிய பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது என்பதால், உயிரோடு இருக்கும்போதே எழுதி இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்துவிடுவார். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுத் தகவல் சேர்ப்பார். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவருக்கே போன் போட்டுக் கேட்பார். “உங்க குரலைக் கேட்டாலே வயித்துல புளியைக் கரைக்குது சார்” என்று ஒரு முன்னாள் மேயர் அலறியதை அப்பா சாப்பிடும்போது சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எழுதியதை வீட்டார் ஒருவருக்குப் போனில் படித்துக் காட்டாமல் தெரிந்து அச்சுக்கு விட்டதே இல்லை. “தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க” என்பார். அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருப்பார்.

அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருடமாக அவள் எழுதி வந்ததெல்லாம் சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்பதுதான். அதில் புகழ்ச்சிக்கு இடமில்லை. இருக்கிறதை இருக்கிறபடி எழுத வேண்டும், அவ்வளவுதானே என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

தம்பி கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் பக்கத்தில் குனிந்து நின்றான். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பெட்டி வந்து இறங்கியதிலிருந்து, இந்தக் கம்ப்ரஸர் சத்தம் சரியில்லை என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தான். அழத் தெரியாதவனுக்கு அதுவும் ஒரு வேலைதான். அவள் கூப்பிட்டதும் வந்து எட்டிப் பார்த்தான். நாலு வரி படித்தான். ஐந்தாவது வரியில் அவன் முகம் மாறியது.

“அக்கா, இதை எதுக்கு எழுதினே?”

“நடந்ததுதானே?”

“நடந்ததெல்லாம் எழுதணுமா? அந்த மனுஷன் வாழ்ந்த வாழ்க்கையில எழுத வேற ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?”

நடந்தது இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு நாள், அப்பா அலமாரியிலிருந்து ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனையின் குறிப்பை எடுத்து, அவருக்குப் புதிதாகக் கிடைத்த விருதைச் சேர்த்து எழுதினார். மேசையில் இரண்டு தட்டுகள் உண்டு. இடது தட்டில் வைப்பது அலமாரிக்குத் திரும்பும். வலது தட்டில் வைப்பது அச்சுக்குப் போகும். அன்று அவர் கை வலது பக்கம் போய்விட்டது. மின்னல் என்று ஊரே கொண்டாடிய அந்த அம்மாள், ஐம்பது வயதில், கல்லுக் குண்டாக உயிரோடு இருக்கும்போதே ஆறாம் பக்கத்தில் செத்துப் போனார்.

பத்திரிகை மறுநாள் இரண்டு வரியில் வருந்தியது. ஊர் அப்படி விடவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது. “உங்கப்பா உசுரோட இருக்கறவங்களையே கொன்னுடுவாராமே” என்று வகுப்பில் கேட்டார்கள். தம்பி ஒருவனை அடித்து, இருவரிடம் அடி வாங்கி, உதடு கிழிந்து வந்தான். அப்பாவை ஆறு மாதம் தட்பவெப்பமும் ரயில் நேரமும் எழுதப் போட்டார்கள். அந்த ஆறு மாதமும் அவர் வீட்டில் அதிகம் பேசவில்லை. மறுநாள் அவர் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார் என்பது மட்டும் பிள்ளைகளின் காதில் விழுந்திருந்தது. அம்மா இருந்தவரை அந்தப் பேச்சை யாரையும் எடுக்க விட்டதில்லை. இரண்டு பிள்ளைகளும் அதை அவமானமாகவே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

“குறை இல்லாத ஆளைப் பத்தி எழுதினா அது கல்யாணப் பத்திரிகைடான்னு அவர்தானே சொல்வாரு” என்றாள் அவள்.

“அது ஊரானுக்கு. இது அப்பா. செத்த பிறகும் அவரைத் தலைகுனிய வைக்காதே.”

ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ என்றும் அவளுக்குத் தோன்றியது. பேனா அந்த வரியின் மேல் நின்றது. ஆனால் அடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் வருவார்கள் என்று வாடகை நாற்காலிக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும், பத்திரிகை அலுவலகம் வழியே செய்தி கேட்டு வந்த, முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொருவரும் பெட்டியருகே போய், கண்ணாடி வழியே முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தயங்கி, “இவர்தானா?” என்று கேட்டார்கள். அவளுக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. இவர்கள் எல்லோரும் அப்பாவின் குரலை மட்டும் கேட்டவர்கள். தங்கள் வீட்டில் சாவு விழுந்த நாளில், போனில்.

தலை நரைத்த ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கப்பா அணை கட்டினவரும்மா. போனப்போ எல்லாப் பேப்பரும் அணையைப் பத்தித்தான் எழுதிச்சு. உங்கப்பா மட்டும், அவருக்கு நீச்சல் தெரியாது, கடைசிவரைக்கும் தண்ணின்னா பயம்னு எழுதினாரு. அது எங்கப்பா. மத்ததெல்லாம் அணை.”

ஒரு முன்னாள் அமைச்சரின் மனைவி, “எங்க வீட்டுக்காரர் பாட்டுப் பாடினா நாய் குரைக்கும்னு போட்டாரு. பொணத்தை வெச்சுக்கிட்டு வீடே சிரிச்சுது” என்று சொல்லிவிட்டு அழுதார்.

நாற்காலி போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வந்த டீயும் போதவில்லை. அவள் தோள்கள் தன்னால் நிமிர்ந்தன. நாலாயிரம் பேரைப் பற்றி எழுதிய மனிதனைத் தேடி நாலு பேர் வராமல் போய்விடுவார்களோ என்று காலையில் பயந்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

மூன்றேகால் இருக்கும். வாசலில் சலசலப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். இரண்டு பேர் படம் எடுக்கக் கைபேசியை நீட்டினார்கள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஒல்லியான ஓர் அம்மாள் உள்ளே வந்தார். முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஆனாலும் முதுகு நேராக இருந்தது. யாரும் சொல்லாமலே தம்பிக்குத் தெரிந்துவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

மின்னல் பெட்டியருகே நெடுநேரம் நின்றார். மற்றவர்களைப் போல, இவர்தானா என்று கேட்கவில்லை. பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, “முந்திக்கிட்டீங்களே சார்” என்றார்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தாள். “அம்மா, இதுல உங்களைப் பத்தி ஒரு வரி இருக்கு. படிக்கிறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.”

“படிம்மா.”

“ஒருமுறை, உயிரோடிருந்த ஒருவரின் இரங்கல் குறிப்பைத் தவறுதலாக அச்சுக்கு அனுப்பினார். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்.”

“தப்பு” என்றார் அந்த அம்மாள். “மறுநாள் இல்ல.”

ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டார்.

“பேப்பர் அடிச்சு வண்டியெல்லாம் கிளம்பின பிறகுதான் இவர் பாத்திருக்காரு. சைக்கிளை எடுத்துட்டாரு. பதினோரு கிலோமீட்டர். எங்க தெருவுக்குப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடி எங்க வாசல்ல நிக்கறாரு. மூச்சு இறைக்குது, பேச்சு வரலை. நான் ஓடினவ, பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக் குடுத்தவ இல்லையா? உடனே தண்ணி குடிக்காதீங்க, முதல்ல மூச்சை விடுங்கன்னேன்.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

“எங்கம்மாவுக்கு அப்போ எண்பத்திரண்டு. நெஞ்சு பலவீனம். பேப்பரை முதல்ல பிரிக்கறது அவங்கதான். அது எப்படியோ இவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைப் பத்தி எழுதினவராச்சே. ‘இன்னும் கொஞ்ச நேரத்துல பேப்பர் வரும்மா. நீங்க இறந்துட்டதா போட்டிருக்கு. தட்டு மாத்தி வெச்சது நான்தான். உங்கம்மா அதைப் பாக்கக் கூடாது’ன்னாரு. பேப்பர்காரர் வந்ததும் அவரே கை நீட்டி வாங்கிக்கிட்டாரு. அம்மா கடைசிவரைக்கும் அந்தப் பக்கத்தைப் பாக்கலை.”

தம்பி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தான்.

“நான் விடுவேனா? செத்த பிறகு என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேக்க யாருக்குக் கிடைக்கும்? படிங்க சார்னேன். நின்ன நிலையிலேயே முழுக்கப் படிச்சாரு. ரெண்டு எடத்துல தப்பு இருந்துச்சு, சொன்னேன். அந்த நிலைமையிலயும் சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்துத் திருத்திக்கிட்டாரும்மா!” அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வீட்ல சொல்லலையா?”

“இல்லம்மா” என்றாள். சொன்னால் தன்னைத் தானே மெச்சிக்கொள்வதாகிவிடும் என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதரின் மகள் நான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தம்பி பெட்டியிடம் போய்க் கம்ப்ரஸர்மேல் கை வைத்துப் பார்த்தான்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி வந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவள் திருத்திய தாளோடு ஆசிரியரை அழைத்து, முதலில் ஒருமுறை வேகமாகப் படித்தாள். அவர் இழுத்தார்.

“நல்லா இருக்கும்மா. ஆனா அந்தத் தப்பு விஷயம்... வேணாமே. பேப்பருக்கும் நல்லா இல்ல, அவருக்கும் நல்லா இல்ல. அந்த எடத்துல அவர் வாங்கின ரெண்டு விருதைப் போட்டுடலாம்.”

“விருதெல்லாம் வேண்டாம் சார். இது இருக்கட்டும்.”

“யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு ஊரே படிக்கும்.”

“படிக்கட்டும்னுதான் சார் எழுதினேன். அந்த வரி இல்லன்னா எதையும் போடாதீங்க. அந்த எடத்தை வெறுமனே விட்டுடுங்க.”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. “சரி. நானே தட்டச்சு பண்றேன். மெதுவாச் சொல்லுங்க.”

அவள் தாளை நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நாலாயிரம் பேரின் வாழ்க்கையை எழுதியவர் என்றாள். தம் பிள்ளைகளின் பிறந்தநாள் ஒன்றைக்கூட நினைவில் வைத்திராதவர் என்றாள். ஒருமுறை தவறினார் என்றாள். அந்தத் தவறு போய்ச் சேருவதற்கு முன் தாம் போய் அந்த வீட்டு வாசலில் நின்றார் என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் டீக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வண்டி ஓட்டுநர் வாசற்படியில் வந்து நின்று, “நேரமாச்சு, தூக்கலாமா?” என்று கேட்டார்.

தம்பி அவசரமாகப் போய் அவர் தோளில் கை வைத்தான்.

“ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே. எங்கக்கா அப்பாவைப் பத்திச் சொல்லிட்டிருக்கா.”

ஓட்டுநர் உள்ளே ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டிக்குத் திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினார்.